படத்துக்கு வெளியே நிற்பவர்கள்

வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் நமது பத்திரிகைகள் இருவகை மொழிநடையை மேற்கொள்கின்றன. வெள்ளம் வந்தால் ‘இயற்கையின் சீற்றம்’ என்று எழுதுகின்றன. காலநிலை மாற்றம் பற்றி ஓர் இளைஞனோ யுவதியோ பேசினால் ‘நாளைய உலகின் நம்பிக்கை’ என்று எழுதுகின்றன. முதலாவது தொடரில் மனிதரே இல்லை. இரண்டாவதில் ஒரேயொரு மனிதர் மாத்திரமே உள்ளார். இவ்விரண்டுக்குமிடையே சமுதாயம் எங்கே மறைந்தது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

ஒன்றை முதலிற் கூறிவிடுதல் வேண்டும். பூமி வெப்பமடைவதற்கு மனிதச் செயற்பாடே காரணம் என்பதை ஐக்கிய நாடுகளின் காலநிலை விஞ்ஞானிகள் குழு 2021இல் ஐயத்துக்கிடமின்றி அறிவித்தது. விஞ்ஞானத்தில் நமக்குச் சந்தேகமில்லை. அது செய்தியாக்கப்படும் முறையிலேயே சந்தேகம் எழுகிறது.

2018 ஓகஸ்டில் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றத்தின் முன் பதினைந்து வயது மாணவி கிரெட்டா துன்பர்க் தனியே அமர்ந்தார். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் பல நாடுகளின் மாணவர்கள் இலட்சக்கணக்கில் வீதிக்கு வந்தனர். பத்திரிகைகளோ அந்த மாணவியின் சடைப்பின்னலையும் கோபத்தையும் ஆராய்ந்தன. சில அவரைத் தீர்க்கதரிசியாக்கின, சில ஏளனஞ் செய்தன. விஞ்ஞானிகள் சொல்வதைக் கேளுங்கள் என்ற அவருடைய எளிய கோரிக்கை போற்றியவர் பக்கத்திலும் தூற்றியவர் பக்கத்திலும் பின்தள்ளப்பட்டது.

2020 ஜனவரியில் டாவோஸ் நகரில் நிகழ்ந்த சம்பவம் இன்னுந் தெளிவானது. அங்கு ஐந்து யுவதிகள் சேர்ந்து நின்ற படத்தின் ஓரத்தை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெட்டி வெளியிட்டது. வெட்டுண்டவர் உகண்டாவைச் சேர்ந்த வனெசா நகாத்தே; எஞ்சிய நால்வரும் வெள்ளையர். பின்னணியிலிருந்த கட்டடம் படத்தின் அழகைக் குலைத்ததாலேயே வெட்டினோம் என்று முதலில் விளக்கங் கூறப்பட்டது; பின்னரே நிறுவனம் வருத்தந் தெரிவித்தது. விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆயின், வறட்சியையும் வெள்ளத்தையும் முதலில் அனுபவிக்கும் கண்டத்தின் பிரதிநிதியைவிட, படத்தின் அழகு ஒரு கணம் பெரிதாகத் தோன்றிற்றே! தீய நோக்கமின்றியே இது நிகழக்கூடும் என்பதுதான் நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது.

நமக்கு அண்மையிலுள்ள உதாரணத்தையும் நோக்குவோம். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், துணி தேய்ப்போர் எரிக்கும் கரியைக் கண்டு, சூரிய சக்தியால் இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்தார். 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உரையாற்றினார். பாராட்டுக்குரிய பணி. நமது ஏடுகள் அவரைச் ‘சாதனைச் சிறுமி’ என்று கொண்டாடின. நாள் முழுதும் கரிப்புகையைச் சுவாசிக்கும் தொழிலாளியின் வருமானம் என்ன, அவ்வண்டி அவன் கைக்கு எட்டுமா என்று கேட்ட ஏடுகள் அரிது. மாணவியின் கண்ணுக்குத் தெரிந்த தொழிலாளி செய்தியாளரின் கண்ணுக்குத் தெரியவில்லை!

அதே நாட்களில் அதே நகருக்குச் சென்றிருந்த அன்றைய இலங்கை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, இரசாயன உரத்தைக் கைவிடும் தமது கொள்கையைப் பெருமையுடன் எடுத்துரைத்தார். உர இறக்குமதி 2021 மே மாதத்திற் தடைசெய்யப்பட்டிருந்தது. உலக அரங்கில் அது பசுமைக் கொள்கை. மட்டக்களப்பின் வட்டைகளிலோ பெரும்போக விதைப்பு உரமின்றி நடந்துகொண்டிருந்தது. விவசாயிகள் வீதிக்கு வந்தபின் நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டது. காலங் கடந்துவிட்டது, அந்தப் போகத்தின் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. போடியார் ஒருவாறு சமாளித்திருப்பார். குத்தகைக்கு உழுதவனின் கடனை எந்தப் பசுமைச் சொல் தீர்க்கும்?

இனி வந்தாறுமூலைக்கு வருவோம். முந்தனை ஆறு பெருகினால் சித்தாண்டியும் இவ்வூரும் நீரில் நிற்கும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி நாட்டில் 900க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. காற்று எல்லார்மீதும் ஒன்றாகவே வீசியது. கிடுகுக்கூரையே முதலிற் பறந்தது. 2011 ஜனவரி வெள்ளம் அறுவடைக்கு நின்ற நெல்லை மூழ்கடித்தது. வெள்ளம் வாவியில் வந்து நிரம்பும்போது முகத்துவாரத்தின் மணற்றிட்டை எப்போது வெட்டுவது என்ற கேள்வி எழுகிறது. வயல் வடியவேண்டும் என்பார் விவசாயி. இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்பார் மீனவர். அதைத் தீர்மானிப்பது வானமன்று, அதிகாரமுடைய மனிதர். ‘இயற்கையின் சீற்றம்’ என்ற இரண்டு சொற்கள் இந்த வழக்கு முழுவதையும் தள்ளுபடி செய்துவிடுகின்றன.

2024 நவம்பர் 26ஆம் திகதி, வெள்ளம் பாய்ந்த காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், வீடு திரும்பிய மதரசா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர் அறுவர் மாண்டனர். இளைஞர் நமது செய்திகளில் மேடையேறினால் நட்சத்திரம், மாண்டால் துயரச் செய்தி. ஆண்டுதோறும் மூழ்கும் வீதியைப் பற்றிக் கேள்வி கேட்கும் உயிருள்ள சாதாரண இளைஞனுக்கு அங்கே பத்தி ஏது?

படமும் நாயகரும் இன்றேல் மக்கள் படிக்கமாட்டார்கள் என்று கூறுவோர் உளர். இதில் ஓரளவு உண்மையுண்டு. ஒரு முகம் பல்லாயிரம் உள்ளங்களைத் தொட்டதை மறுக்கமுடியாது. பிரதேச நிருபரையுங் குற்றஞ்சாட்டுதல் தகாது. பிரசுரமாகும் செய்திக்கே அவருக்குக் கூலி. வெள்ள நீரில் நின்று அவர் எழுதியதில் எது தலைப்பாகும், எது வெட்டுப்படும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் விளம்பர வருமானத்தைக் கணக்கிடும் மேசையில் இருக்கிறார்கள். குறை தனிமனிதரின் ஒழுக்கத்திலன்று, செய்தி பண்டமாகும் அமைப்பிலுள்ளது.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் என்ன செய்யலாம்? 1981இற் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் இவ்வூரிலேதான் இருக்கிறது. அதன் மதிலுக்கு வெளியே வெள்ளத்தின் வரலாற்றை நெஞ்சிற் சுமந்த முதியோர் வாழ்கின்றனர். எந்த ஆண்டு எந்த வயல் மூழ்கிற்று, யாருக்கு நட்டஈடு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை மாணவர் கேட்டு எழுதட்டும். வகுப்பறையில் வெள்ளச் செய்தி ஒன்றை எடுத்து, அதன் வாக்கியங்களுக்கு எழுவாய் தேடட்டும்: வீதி ‘மூழ்கியது’ எனில் அதனைத் தாழ்வாக அமைத்தவர் யார்? உரம் ‘நிறுத்தப்பட்டது’ எனில் நிறுத்தியவர் யார்? எழுவாயைக் கண்டுபிடித்த மாணவனுக்குத் தீர்க்கதரிசி தேவைப்படமாட்டார்.