ஆயிரம் வாசல், அதில் நூறு டூப்!

மேற்கு வங்காளத்தில் முர்ஷிதாபாத் போனால், பாகீரதி ஆற்றங்கரையில் நிற்கிறது ஹஸார்துவாரி. ஆயிரம் வாசல் என்று அர்த்தம். மூணு தளம், 114 அறை. ஆயிரத்தில் சுமார் நூறு வாசல் டூப். கதவு மாதிரி தெரியும், பின்னால் சுவர்!

திருடன் குழம்பட்டும் என்று கட்டினார்களாம். கைடுகள் சொல்லும் கதை. எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை. கிரேக்க, ரோமானிய பாணியில் வலப்பக்கம் ஒரு கதவு இருந்தால் இடப்பக்கமும் அதே அளவில் ஒன்று இருந்தாகணும். உள்ளே தேவையே இல்லாவிட்டாலும் வெளியே காட்டியாகணும். ஐரோப்பியக் கட்டடங்களில் இது சர்வசாதாரணம். டூப் கதவு திருடனுக்கு அல்ல ஸார், பார்க்கிறவன் கண்ணுக்கு.

இதை சிராஜ் உத் தௌலாவின் அரண்மனை என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. அவர் பிளாசியில் தோற்று, கொல்லப்பட்டது 1757-ல். இதற்கு அஸ்திவாரக் கல் விழுந்தது 1829-ல். கட்டியவர் நவாப் ஹுமாயூன் ஜா. பிளான் போட்டது கம்பெனியின் இன்ஜினீயர் கர்னல் டங்கன் மெக்லியாட்.

கணக்கைப் பாருங்கள். வரி வசூல் உரிமை 1765-லேயே கம்பெனி கைக்குப் போயாச்சு. 1772-ல் கஜானா கல்கத்தாவுக்கு. மிச்சம் இருந்தது பட்டமும் பென்ஷனும்தான். பி.காம். படித்தவன் பாஷையில், வரவே இல்லாத கம்பெனிக்குப் பிரமாதமான ஹெட் ஆபீஸ்! மாளிகை முடிந்தது 1837-ல். அடுத்த வருஷமே நவாப் காலமானார். அந்த நவாப் நாஜிம் பட்டமும் 1880-ல் போயிற்று.

அதற்காக அழகில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அந்த 37 படி! கீழ்ப்படி நீளம், மேலே போகப் போகக் குறுகுகிறது. அண்ணாந்தால் வரிசையாகத் தடித்த தூண்கள். ஏறும்போதே மனுஷன் சின்னதாகிவிடுகிறான். தர்பாருக்குக் கூப்பிட்டவனை அடக்கி வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் மெக்லியாட் மீது ஒரு வருத்தம். இத்தனை கம்பீரமான படி, எதிரே உள்ள இமாம்பாராவைத்தான் பார்க்கிறது. ஆறு பாவம், பக்கவாட்டில் ஓடுகிறது.

1985 முதல் தொல்லியல் துறையின் பராமரிப்பு. உள்ளே மியூசியம். பார்த்த கையோடு ஆற்றைத் தாண்டி குஷ்பாக் போங்கள், சிராஜின் கல்லறை அங்கேதான். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு மியூசியம் லீவு. ஆயிரம் வாசலில் ஒன்றும் திறக்காது.