நன்னூல் கூறும் ஆசிரியரும் பல்கலைக்கழகப் பட்டதாரியும்

பவணந்தி முனிவர் கி.பி. 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலை எழுத்துஞ் சொல்லும் உணர்த்தும் இலக்கணமென்ற அளவிலேயே பலரும் கற்பர். அதன் முகப்பில் நிற்கும் பொதுப்பாயிரம் பரீட்சைக்குரிய மனனப் பகுதியாகக் கழிந்துவிடுகின்றது. நூல், ஆசிரியன், பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கன், பாடங் கேட்கும் முறை என்னும் ஐந்தையும் வகுத்துரைக்கும் அப்பகுதியை ஆசிரியத் தொழிலை ஆராயும் நூலாகவே நோக்குதல் தகும். பல்கலைக்கழகத்திற் கற்றோர் பாடசாலை ஆசிரியராதற்கு வேண்டும் பயிற்சி யாது என்னும் வினாவுக்கு அது விடை தரவல்லது. அவ்விடையிற் குறையும் உண்டு.

ஆசிரியராகாதார்க்குப் பாயிரங் கூறும் உவமைகள் நான்கு. கழற்காய் பெய்த குடம், இட்ட முறையிலன்றி, முறை பிறழ்ந்து ஒருங்கே கொட்டும். மடல் நிறைந்த பனை தானாக உதிர்த்தாலன்றி ஏறிப் பறிக்க விடாது. பருத்திக் குண்டிகை அரிதின் வாங்கி அரிதின் ஈயும். முடத்தெங்கு நீரூற்றி வளர்த்தவனை விடுத்து அயலானுக்குக் காய் உதிர்க்கும். இந்நான்கனுள் ஒன்றேனும் வெறுமையானதன்று என்பது கருதத்தக்கது. குடத்திற் காயுண்டு, பனையிற் பழமுண்டு, குண்டிகையிற் பஞ்சுண்டு, தெங்கிலுங் குலையுண்டு. எனவே ஈண்டுக் குறிக்கப்பட்டோர் கல்லாதாரல்லர். கற்றதை வழங்கும் நெறியில்லாதார். குடம் நிறைந்தது என்பதற்குப் பட்டம் சான்றாகும். அது முறைப்பட வழங்கும் என்பதற்குச் சான்றாகாது. மூன்றாண்டு கேட்ட விரிவுரையை எட்டாந்தர மாணவர் முன் ஒரு பாடவேளையிற் கொட்டும் புதிய பட்டதாரி கழற்குடமே. வகுப்பறையில் வாளாவிருந்து, மாலையில் தனியார் வகுப்பிற் சுவைபடக் கற்பிப்பவரை முடத்தெங்கென்றல் மிகையன்று.

பாடங் கேட்கும் முறையிற் பாயிரம் ஒரு கணக்குச் சொல்கின்றது. ஆசிரியரிடம் எவ்வளவு நன்றாகக் கேட்பினும் வாய்ப்பது காற்பங்கு. உடன் பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைத்தலாலேயே நிரம்பும். இக்கணக்கின்படி விரிவுரை மண்டபத்தையும் மாணவர் விடுதியையும் மட்டுங் கண்டு வெளியேறும் பட்டதாரி பாதி கற்றவரே. கற்பித்தற் பயிற்சி பட்டத்தின் பின் ஒட்டப்படும் வால் அன்று. கல்வியின் மறுபாதி அதுவேயாகும்.

இலங்கையில் 1980களின் நடுப்பகுதியில் எழுந்த தேசியக் கல்வியியற் கல்லூரிகள் ஈராண்டு வதிவிடக் கல்வியோடு ஓராண்டுப் பாடசாலைப் பயில்வையும் நியமனத்துக்கு முன்னரே வகுத்தன. பட்டதாரிகளிற் பலரோ முதலில் வகுப்பறையினுட் புகுந்து, ஆண்டுகள் சில கழிந்த பின்னரே பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பயின்றனர். அவ்விடைக்காலத்தில் அவர்தம் பிழைகளுக்கு விலை கொடுத்தோர் மாணவரே.

இனி, பாயிரத்தின் குறையும் நோக்கற்பாலது. அன்னமும் ஆவும் போல்வாரைத் தலைமாணாக்கர் என்றும், ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வாரைக் கடைமாணாக்கர் என்றும் அது பகுக்கின்றது. நோயாளனையும் மந்தனையும் மாணாக்கராகாதார் வரிசையிலேயே வைத்துவிடுகின்றது. தேர்ந்தெடுத்த சிலருக்குக் கற்பித்த காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னர் வாயிலில் நிற்கும் எவரையும் விலக்கும் உரிமை பாடசாலைக்கு இல்லை. பல்கலைக்கழகமோ அன்னங்களையே தேர்ந்தெடுக்கின்றது. அவ்வன்னம் ஆசிரியராகி எதிர்கொள்வது நாற்பது வகை மாணவரை. எளிதிற் கற்றவருக்குப் பிறர் இடறுமிடம் தோன்றுவதில்லை. குடம் எவ்விடத்தில் ஒழுகுகின்றது எனக் கண்டறியும் பயிற்சியே பட்டதாரிக்கு முதலில் வேண்டுவது.

கொள்வோனின் ஆற்றலறிந்து கொடுக்கவேண்டும் எனப் பாயிரமே பாடஞ் சொல்லும் முறையில் விதித்துள்ளது. அவ்விதியை உண்மையாக ஆண்டவர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், நன்னூலுக்குக் காண்டிகையுரை வரைந்த அதே கையாற் சிறுவர்க்குப் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதினார். பெரும்புலமை சிறுவாக்கியத்துள் அடங்கியிருத்தல் தாழ்வன்று, தேர்ச்சியே என்பதற்கு அந்நூல்கள் சான்று.

ஆசிரியப் பயிற்சி உளவியற் கோட்பாடுகளைக் குறிப்பெடுத்தலோடு முடியின், அதுவும் குடத்திற் பெய்த மற்றொரு பிடி கழற்காயாகவே முடியும். அனுபவமிக்க ஆசிரியர் பின்வாங்கில் அமர்ந்து காண, புதியவர் கற்பித்து, பிழையறிந்து, மறுநாள் மீண்டுங் கற்பித்தல் வேண்டும். நன்னூல் ஒதுக்கிய கடைமாணாக்கன் விளங்கிக்கொண்டான் என்னும் நாளே, அது கூறிய எஞ்சிய அரைப்பங்கு அவ்வாசிரியருக்கு நிரம்பும் நாளாகும்.