நேச நாடுகள் வென்றன, திருகோணமலை வென்றதா?

1944 ஏப்ரல் 16ஆம் திகதி திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கப்பற்படையில் ஆறு நாடுகள் சேர்ந்திருந்தன. பிரித்தானியாவின் இலஸ்ட்ரியஸ், அமெரிக்காவின் சரடோகா என இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள். பிரான்சின் ரிஷலியூ, நெதர்லாந்தின் ட்ராம்ப், நியூசிலாந்தின் காம்பியா. கூடவே அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல்கள். 19ஆம் திகதி அவை சுமாத்திராவின் வடமுனைக்கு அப்பால் ஜப்பானியர் வசமிருந்த சபாங் துறைமுகத்தைத் தாக்கின. கூட்டணி இழந்தது ஒரே ஒரு விமானம். அதன் விமானியையும் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று காப்பாற்றியது. போர் வரலாறுகள் இதை ஒரு கச்சிதமான வெற்றியாகக் குறித்துவைத்திருக்கின்றன. இத்தனை பேருக்கும் துறைமுகமும் எண்ணெயும் கூலியாட்களும் தந்த நாட்டுக்கு மட்டும் அந்த அணிவகுப்பில் ஒரு கொடி இருக்கவில்லை.

இன்று லிங்கநகர் முதலிய குடியிருப்புகளைக் கொண்ட துறைமுக வட்டாரத்தில் அந்தப் போரைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. ஒன்று, நேச நாடுகள் வந்ததால்தான் ஜப்பானியரிடமிருந்து தப்பினோம் என்பது. மற்றது, அது வெள்ளைக்காரனின் சண்டை, நமக்குக் கிடைத்ததெல்லாம் குண்டுதான் என்பது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ‘நேச நாடுகள்’ என்பவர்களை ஒரே ஆளாக எண்ணிவிடுகின்றன. ஒவ்வொரு கூட்டாளியும் எதற்காகப் போருக்கு வந்தார், முடிவில் எதைப் பெற்றார், செலவை யார் தலையில் வைத்தார் என்று பிரித்துப் பார்த்தால்தான் வெற்றியின் கணக்கு தெளிவாகும்.

முதலில் நோக்கங்கள். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்த பின் பிரித்தானியாவுக்கு இந்து சமுத்திரத்தைக் காக்கத் திருகோணமலை தேவைப்பட்டது. அதே அளவுக்கு மலாயாவையும் பர்மாவையும் மீட்பதற்கும் தேவைப்பட்டது. நெதர்லாந்து கிழக்கிந்தியத் தீவுகளைத் திரும்பப் பெற விரும்பியது. பிரான்சின் கண் இந்தோசீனத்தில் இருந்தது. அமெரிக்காவோ ஜப்பானை முறியடிக்க வந்தது. ஐரோப்பியரின் குடியேற்றங்களை மீட்டுக் கொடுப்பதில் அதற்கு ஆர்வம் இல்லை. கண்டியில் தலைமையகம் கொண்டிருந்த தென்கிழக்காசியக் கட்டளையகத்தை, இங்கிலாந்தின் ஆசியக் குடியேற்றங்களைக் காப்பாற்றப் பிறந்த அமைப்பு என்று அமெரிக்கர்கள் கேலி செய்தார்கள். 1944 நவம்பரில் பிரித்தானியப் பசிபிக் கப்பற்படை திருகோணமலையில் உருவானபோது, அமெரிக்கக் கடற்படைத் தலைவர் அட்மிரல் எர்னெஸ்ட் கிங் அதைப் பசிபிக்கில் சேர்த்துக்கொள்ளவே தயங்கினார். வெற்றி நெருங்க நெருங்க அதைப் பங்குபோடும் சச்சரவும் நெருங்கிவிட்டது.

இந்த நோக்கங்களில் எவை நிறைவேறின? நெதர்லாந்து 1949இல் இந்தோனேசியாவின் விடுதலையை ஏற்க வேண்டியதாயிற்று. பிரான்சு 1954இல் இந்தோசீனத்தின் தியென் பியென் பூவில் தோற்றது. பிரித்தானியா பர்மாவை மீட்டது, 1948இல் விட்டு வெளியேறியது. ஜப்பானிடம் தோற்றதால் உடைந்த வெள்ளையர் மதிப்பை ஜப்பானைத் தோற்கடித்ததால் ஒட்டவைக்க முடியவில்லை. திருகோணமலையில் கூடிய ஐரோப்பிய அரசுகள் போரை வென்றன, போருக்கு வந்த காரணத்தை இழந்தன. தன் நோக்கத்தை முழுதாக எட்டியது அமெரிக்கா ஒன்றுதான். கடலில் அதற்கு நிகராக யாரும் மிஞ்சவில்லை. ஜப்பானும் அதன் பாதுகாப்பு வட்டத்துக்குள் வந்துவிட்டது.

இனி, இடம் கொடுத்தவர்களின் கணக்கு. ‘காப்பாற்றப்பட்டோம்’ என்ற வாதத்துக்கு வலுவான சான்று மலாயாவிலும் சயாமிலும் இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியரால் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கும் அந்தக் கதி நேர்ந்திருக்கக்கூடும். ஜப்பானிய ஆட்சியை விடுதலை என்று கற்பனை செய்தவர்களும் இருந்தார்கள். 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த சில வீரர்கள் கிளர்ச்சி செய்தார்கள். கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் அந்த ஓகஸ்டில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவர்கள் நம்பிய ஜப்பானில் அந்த நியாயம் இருக்கவில்லை. ஆகவே ஜப்பானிய ஆக்கிரமிப்பு வராமல் போனது மெய்யான நன்மைதான்.

அந்த நன்மையை நேச நாடுகளின் காவலால் வந்தது என்று சொல்வதற்குத்தான் 1942 ஏப்ரல் தடையாக நிற்கிறது. அந்த மாதம் 9ஆம் திகதி காலை ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. முந்திய இரவே துறைமுகத்தை விட்டு அனுப்பப்பட்ட ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், தன் மேல்தளத்தில் ஒரு விமானமும் இல்லாமல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது; 307 பேர் இறந்தார்கள். துறைமுகத்துக்குள் சகாயிங் என்ற சரக்குக் கப்பல் எரிந்தது. அதன் சிதைவை இலங்கைக் கடற்படை மிதக்கவைத்து அகற்றியது 2018இல்தான். தாக்குதலுக்குப் பின் பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படையின் பிரதான பகுதி ஆபிரிக்கக் கரையிலுள்ள கிலிண்டினிக்குப் பின்வாங்கியது. இலங்கையைத் தளமாகக் கொண்டு அது பெரும் பலத்தோடு திரும்பியது 1944இன் தொடக்கத்தில். ஜப்பானியக் கப்பல்கள் மீண்டும் வராததற்கு முக்கிய காரணம், பவளக்கடலிலும் மிட்வேயிலும் அவை அமெரிக்காவோடு மோத வேண்டிவந்ததுதான். தளம் இருந்ததால் எதிரி வந்தான். எதிரி வந்ததும் படை விலகியது. ஊர்மக்கள் போக இடமில்லாமல் இருந்தார்கள். நேச நாட்டுக் கப்பல்கள் துறைமுகத்தைக் காத்தன என்ற வாதம் மிக முக்கியமான இரண்டு ஆண்டுகளுக்குப் பொருந்தவில்லை.

பொருளாதாரக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் போனபின் நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பெரும்பங்கு இலங்கையிலிருந்துதான் போக வேண்டியிருந்தது. தட்டுப்பாட்டின் உச்சத்தில் விற்பவர் விலை சொல்வார் என்பது சந்தை வழக்கம். இங்கே ஆள்பவரும் வாங்குபவரும் ஒருவரே. விலை ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. உற்பத்தியைக் கூட்ட மரங்களில் அளவுமீறிப் பால் வெட்டப்பட்டது. ஈட்டிய பணத்தில் பெரும்பகுதி இலண்டனில் ஸ்டெர்லிங் நிலுவையாகத் தேங்கியது; போருக்குப் பின் அதை நினைத்தபடி எடுத்துச் செலவிட முடியவில்லை. பர்மா அரிசி நின்றுபோனதால் 1942 முதல் பங்கீடும் கூப்பனும் வந்தன. இதற்கிடையே, இயற்கை இறப்பர் போதாது என்று அமெரிக்கா செயற்கை இறப்பர் ஆலைகளைப் பெருமளவில் நிறுவியது. இலங்கை இறப்பருக்குப் பெருமதிப்புத் தந்த அதே போர், அதன் நிரந்தரப் போட்டியாளரையும் உருவாக்கிவிட்டுப் போனது.

நன்மைக் கணக்கையும் மறைக்கக்கூடாது. கடற்படைத் தளம் வேலை கொடுத்தது, வீதிகள் போட்டது, ஒரு சிறு பட்டினத்தைப் பல இனத்தவர் வாழும் நகரமாக்கியது. ஆனால் அந்த வேலைகளின் ஆயுள் வேறொரு நாட்டின் பாதுகாப்புக் கொள்கையில் தொங்கியது. பிரதமர் பண்டாரநாயக்கவின் அரசு 1957 ஒக்ரோபரில் தளத்தைப் பொறுப்பேற்றபோது, அங்கே விட்டுச்செல்லப்பட்ட சொத்துகளுக்கு இலங்கை விலை கொடுத்தது; தளத்தை நம்பியிருந்த குடும்பங்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது.

இந்தக் கணக்கை ஓரளவு வெளிப்படையாகப் பேசிய ஒரே பெரிய மேடை 1951 செப்டெம்பரில் நடந்த சான்பிரான்சிஸ்கோ மாநாடு. அங்கே நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தன, புத்தரின் வாக்கைச் சொல்லி ஜப்பானிடம் இழப்பீடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தார் என்பது பலருக்கும் தெரியும். அதற்குமுன் அவர் பட்டியலிட்ட சேதங்களை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவை மூன்று: விமானத் தாக்குதல்கள், தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் பெரும்படைகள் தங்கியதால் வந்த பாதிப்பு, நேச நாடுகளுக்காக இறப்பர் மரங்களில் அளவுமீறிப் பால் வெட்டியது. இவற்றில் முதலாவது மட்டுமே எதிரி செய்தது. மற்ற இரண்டும் நண்பர்களின் தேவையால் வந்தவை. அந்த மேடையில் மூன்றும் ஜப்பானின் கணக்கிலேயே எழுதப்பட்டு, மூன்றும் ஒன்றாகத் தள்ளுபடியாயின. பெருந்தன்மை என்று அதைப் பாராட்டலாம். ஆனால் கூட்டாளிகள் செய்த சேதத்துக்கு விலாசமே இல்லாமல் போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறு ஆண்டே, 1952 டிசம்பரில், இலங்கை சீனாவோடு இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது. இறப்பருக்கு நல்ல விலையும் மக்களுக்கு அரிசியும் கிடைத்தன. அதற்காக அமெரிக்க உதவி சில ஆண்டுகள் மறுக்கப்பட்டது. போர்க்காலத்தில் அத்தனை இறப்பர் கொடுத்த நாடு என்ற நினைவு அந்த முடிவை மாற்றவில்லை.

அப்படியானால் இலங்கைத் தரப்பில் வென்றவர் எவருமே இல்லையா? இருக்கிறார்கள். கொழும்பின் தலைவர்களான டி.எஸ். சேனநாயக்கவும் ஒலிவர் குணதிலக்கவும் போர்க்கால ஒத்துழைப்பைப் பேரம்பேசும் முதலாக்கினார்கள். 1943இல் உள்நாட்டுச் சுயாட்சி வாக்குறுதி, 1944இல் அரசியலமைப்பை ஆராய வந்த சோல்பரி ஆணைக்குழு, 1947 நவம்பரில் பாதுகாப்பு ஒப்பந்தம், 1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம் என்று படிகள் வந்தன. திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியா தொடர்ந்து பயன்படுத்தலாம் என்ற இணக்கம் அந்தப் பேரத்தின் ஒரு பகுதி. சுதந்திரம் என்ற பெரும்பேறு அதனால் விரைவுபட்டது. அதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. ஆனால் அடகுவைக்கப்பட்ட துறைமுகத்தின் மக்கள் அந்த மேசையில் இல்லை. போர்க்காலம் முழுதும் தேயிலையும் இறப்பரும் தந்த தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோர், 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் அதே ஆண்டிலேயே நாடற்றவர்களானார்கள். வெற்றியின் பங்கு கொழும்போடு நின்றுவிட்டது.

இது 1940களுக்கு மட்டும் உரிய விபத்தன்று என்பதற்கு இதே துறைமுகத்தின் பழைய வரலாறு சாட்சி. அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் போர் ஆசியாவுக்குப் பரவியபோது, 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். ஓகஸ்ட் இறுதியில் ஒல்லாந்தரின் கூட்டாளியான பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதை மீட்டார். சமாதானத்தில் துறைமுகம் ஒல்லாந்தருக்குத் திரும்பியது. அதே தீர்வில் அவர்கள் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். 1795இல் பிரான்சு நெதர்லாந்தைக் கைப்பற்றியதும், இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த ஒல்லாந்து ஆட்சியாளர், தம் குடியேற்றங்கள் ஆங்கிலேயரை நண்பர்களாக ஏற்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். நண்பராகக் காக்க வந்தவர்கள் 1802இல் ஆமியன் உடன்படிக்கையின்படி உரிமையாளர்களானார்கள். 1795இல் வந்தவர்கள் 162 ஆண்டுகள் கழித்து, 1957இல்தான் போனார்கள். கூட்டணியில் பலம் குறைந்தவருக்கு மதிப்பு இருப்பது போர் முடியும்வரைதான். தன் பங்கை அதற்குள் எழுதி வாங்காதவர் பிறகு பெறுவது அரிது.

எனவே தீர்ப்பு இது. 1942 முதல் 1945 வரை திருகோணமலையிலிருந்து நடத்தப்பட்ட போரில் முதல் வெற்றியாளர் அமெரிக்கா. இரண்டாவது, முன்கூட்டியே விலை பேசிய கொழும்புத் தலைமை. பிரித்தானியாவும் பிரான்சும் நெதர்லாந்தும் போரில் வென்று நோக்கத்தில் தோற்றன. துறைமுகத்தின் மக்களும் தோட்டங்களின் மக்களும் ஒரு பேரழிவிலிருந்து தப்பினார்கள். தப்பித்தது சிறிய காரியமல்ல. ஆனால் தப்பித்தவரை வென்றவர் என்று சொல்ல முடியாது. ஜப்பான் தோற்க வேண்டியிருந்தது என்பதை ஏற்கிறவர், அந்தத் தோல்வியின் பலன் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதையும் ஏற்றாக வேண்டும் என்பதில்லை.

இந்தத் தீர்ப்பு பழங்கணக்கோடு முடிவதில்லை. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் இன்னும் நிற்கின்றன. 1987 ஜூலையில் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் அவையும் இத்துறைமுகமும் இடம்பெற்றன. 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 குதங்கள் இந்தியாவின் லங்கா ஐஓசி நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கும் பிரிந்தன. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வில் கையெழுத்திட்டன; அதே நாட்களில் இந்தியாவோடு ஒரு பாதுகாப்புப் புரிந்துணர்வும் கையெழுத்தானது. நாகப்பட்டினத்திலிருந்து இங்கே எண்ணெய்க் குழாய் போடும் திட்டமும் பேச்சில் இருக்கிறது.

இவற்றால் நன்மை வராது என்று முன்கூட்டியே சொல்வதும் அவசரமே. முதலீடு தேவைப்படும் நாடு கதவைச் சாத்திக்கொண்டு இருக்க முடியாது. ஆனால் வரலாறு தந்த அளவுகோல் கையில் இருக்கிறது. பிராந்தியத்தில் சண்டை மூண்டால் இந்தத் துறைமுகத்தை யார், எதற்குப் பயன்படுத்தலாம், சேதம் வந்தால் யார் ஈடு கொடுப்பார், கூட்டாளி போகும்போது எதை, என்ன விலைக்கு விட்டுப்போவார் என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்க வேண்டும். அந்தப் பத்திரம் மக்கள் படிக்கக் கிடைக்க வேண்டும். பேசும் மேசையில் திருகோணமலைக்கு ஒரு நாற்காலி வேண்டும். இவை இல்லாத எந்தக் கூட்டணியிலும், வெல்லும் பக்கத்தில் நின்றாலும், இந்த ஊரின் பங்கு செலவுக் கணக்கில்தான் எழுதப்படும்.