திதியே துரோக்பாவின் பன்னாட்டு ஆட்ட வாழ்க்கை: ஒரு மதிப்பீடு

திதியே துரோக்பா (பிறப்பு: மார்ச் 11, 1978, அபிஜான்) ஐவரி கோஸ்ட் நாட்டுக் கால்பந்து அணியின் முன்கள வீரராகவும் பல ஆண்டுகள் அதன் தலைவராகவும் விளங்கியவர். 2002 முதல் 2014 வரை 105 பன்னாட்டு ஆட்டங்களில் 65 கோல்கள் அடித்தார். அந்நாட்டுக்காக அவரைவிட அதிகக் கோல்கள் அடித்தவர் எவருமில்லை. 2006, 2009 ஆகிய ஆண்டுகளுக்கான சிறந்த ஆப்பிரிக்க வீரர் விருதும் பெற்றார்.

இவரைப் பற்றி இரண்டு கருத்துகள் பரவலாகக் கூறப்படுகின்றன. முக்கியமான ஆட்டங்களில் நாட்டுக்கு உதவாதவர் என்பது ஒன்று. உள்நாட்டுப் போரையே நிறுத்தியவர் என்பது மற்றொன்று. இரண்டும் ஆராயத்தக்கவை.

கோப்பை இல்லாத குறை

முதல் கருத்துக்குச் சான்றுகள் உண்டு. 2006 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம் கெய்ரோவில் எகிப்துக்கு எதிராக நடந்தது. கோலின்றி முடிந்த அந்த ஆட்டத்தில் பெனால்டி முறையில் ஐவரி கோஸ்ட் தோற்றது. துரோக்பா அடித்த பெனால்டியும் வீணானது. 2012இல் லிப்ரெவில் நகரில் ஸாம்பியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் 70ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை அவர் கம்பத்துக்கு மேலே அடித்தார். பின்னர் பெனால்டி முறையில் தம் வாய்ப்பைக் கோலாக்கினார். ஆயினும் அணி 8-7 எனத் தோற்றது. மூன்று மாதங்களுக்குப் பின் இதே வீரர்தான் செல்சி அணிக்காக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் 88ஆவது நிமிடத்தில் சமன் செய்து, வெற்றியைத் தந்த பெனால்டியையும் அடித்தார். இந்த முரண்பாடே குறை கூறுவோருக்கு வலுவூட்டியது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஐவரி கோஸ்ட் 1992இல் முதன்முறை கோப்பை வென்றதும், துரோக்பா ஓய்வு பெற்றபின் 2015இல் மீண்டும் வென்றதும் கோலில்லாத இறுதி ஆட்டங்களில், பெனால்டி முறையில்தான். தோற்ற இரண்டு இறுதி ஆட்டங்களுக்கும் வென்ற இந்த இரண்டுக்கும் இடையே இருந்தது ஓரிரு உதைகளின் வேறுபாடே. அதைக் கொண்டு பன்னிரண்டு ஆண்டு உழைப்பை அளப்பது பொருந்தாது.

உலகக்கோப்பையிலும் அணி மூன்று முறையும் முதல் சுற்றோடு வெளியேறியது. 2006இல் அர்ஜென்டினா, நெதர்லாந்து ஆகிய அணிகளும், 2010இல் பிரேசில், போர்ச்சுகல் ஆகிய அணிகளும் அதே பிரிவில் இருந்தன. அர்ஜென்டினா, பிரேசில் ஆகிய இரண்டுக்கும் எதிராகத் துரோக்பா கோல் அடித்தார். 2010இல் அவர் கை எலும்பு முறிவுக்குப் பின் ஆடினார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

போரும் பந்தும்

துரோக்பா நாட்டு அணியில் அறிமுகமான 2002 செப்டம்பரிலேயே ஐவரி கோஸ்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. நாடு வடக்கு, தெற்கு எனப் பிளவுபட்டது. 2005 அக்டோபர் 8 அன்று சூடானை 3-1 என வென்று அணி முதன்முறையாக உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றது. அன்று வீரர்கள் அறையில் தொலைக்காட்சிக் கேமரா முன் துரோக்பாவும் தோழர்களும் மண்டியிட்டு, ஆயுதங்களைக் கீழே வைக்குமாறு மக்களை வேண்டினர். 2007 ஜூன் 3 அன்று, கிளர்ச்சியாளர்களின் தலைமையிடமாக இருந்த புவாக்கே நகரில் மடகாஸ்கருக்கு எதிரான ஆட்டம் நடைபெறவும் அவர் முயற்சி எடுத்தார். ஐவரி கோஸ்ட் 5-0 என வென்றது.

ஆனால் போர் நிறுத்தத்துக்கான வாகடூகு உடன்பாடு அதற்கு முன்பே, 2007 மார்ச்சில், கையெழுத்தாகியிருந்தது. 2010 தேர்தலுக்குப் பின் மீண்டும் வன்முறை வெடித்து ஏறத்தாழ 3,000 பேர் உயிரிழந்தனர். எனவே ஒரு வீரர் போரை நிறுத்தினார் என்பது மிகைக் கூற்று. அது உடன்பாட்டுக்காக உழைத்தவர்களையும் பின்னர் மாண்டவர்களையும் மறைத்துவிடுகிறது.

மதிப்பீடு

இரண்டு கருத்துகளின் பிழையும் ஒன்றே. அணிக்குரிய தோல்வியையும் நாட்டுக்குரிய அமைதியையும் அவை ஒரே மனிதரின் தோளில் ஏற்றுகின்றன. துரோக்பா தென்மேற்கின் பெத்தே இனத்தவர். அவருடன் ஆடிய கோலோ தூரே புவாக்கேயில் பிறந்தவர். பிளவுபட்ட நாட்டின் இரு பகுதி மக்களும் தமது என்று சொல்லிக்கொள்ள எஞ்சியிருந்த மிகச் சில பொதுச் சொத்துகளுள் அந்த அணியும் ஒன்று. அதை அப்படியே காத்ததும், தம் புகழை அதற்காகப் பயன்படுத்தியதுமே துரோக்பாவின் உண்மையான சாதனை. கோப்பைகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை. அவர் நாட்டின் வரலாற்றில் உண்டு.