நடு இல்லாத கதை

கதைக்கு ஆரம்பமும் முடிவும் இருந்தால் போதாது, நடுவும் வேண்டும் என்பது எழுதுகிறவன் முதலில் கற்றுக்கொள்கிற பாடம். அந்த நடுவை அடியோடு விட்டுவிட்ட ஒரு கதை உருவம் நம் நாளில் பிரபலமாகியிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் வருகிற ‘முன்னும் பின்னும்’ படங்களைத்தான் சொல்கிறேன். இடப்புறம் பருத்த உடல். வலப்புறம் மெலிந்த உடல். நடுவே ஒரு கோடு.

கதையெல்லாம் அந்தக் கோட்டுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. எத்தனை வேளைப் பட்டினி, வெளிச்சம் எந்தப் பக்கம், எத்தனை படம் எடுத்து இது ஒன்று தேறிற்று என்பதொன்றும் தெரியாது. ஆசிரியர் மறைத்ததை வாசகர் தம் உடம்பைக் கொண்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடம் இல்லை, கடைத்தெரு இல்லை, கல்யாண வீடு இல்லை. தொந்தியும் கூனும் ஒல்லியும் குட்டையுமாக மனிதர்களைப் பார்க்கிற வாய்ப்பு போயிற்று. மிஞ்சியது உள்ளங்கை அகலத் திரை. அதில் ஒரே அச்சில் வார்த்த உடல்கள். வீட்டிலிருந்தே 15 பவுண்டு ஏறிவிடும் என்ற பயத்துக்கு அமெரிக்காவில் ஒரு பட்டப்பெயரே வைத்துக் கேலிப் படங்கள் பரப்பினார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எனக்குத் தெரிந்த வீட்டில் பதினாறு வயதுப் பெண் அந்தக் கோடையில் தட்டோடு மாடிக்குப் போக ஆரம்பித்தாள். படிக்கிற பெண், தனியாகச் சாப்பிடட்டும் என்று விட்டார்கள். மாடியில் காக்கைகள் கூடுவதைக் கண்டுதான் தாயாருக்கு விஷயம் புரிந்தது.

படம் பார்த்தா சாப்பாட்டை நிறுத்துவார்கள் என்று கேட்கலாம். பீஜித் தீவில் நத்ரோகா பகுதிக்கு டெலிவிஷன் வந்தது 1995ல். அதுவரை அங்கே வாட்டசாட்டமான உடம்புதான் அழகு. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1995லும் 1998லும் பள்ளிப் பெண்களை விசாரித்தார். எடை குறைய வாந்தியெடுப்பதாக முதல் தடவை ஒருத்தியும் சொல்லவில்லை; மூன்று வருஷத்துக்குப் பின் 100க்கு 11 பேர் சொன்னார்கள். வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய கணக்கல்ல.

டெலிவிஷனாவது எல்லோருக்கும் ஒரே படத்தைக் காட்டிற்று. இது, நீங்கள் எந்தப் படத்தில் சற்று நின்றீர்கள் என்று கவனித்து, அதையே மேலும் மேலும் பரிமாறுகிறது. 2021 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அந்தக் கம்பெனியின் உள் ஆராய்ச்சியை வெளியிட்டது. தங்கள் உடலைப் பற்றி மனம் நொந்திருந்த இளம் பெண்களில் 32 சதவிகிதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கிற்று என்றிருந்தார்கள். ஆராய்ச்சியைத் தவறாகச் சித்தரித்துவிட்டார்கள் என்று கம்பெனி மறுத்தது.

இந்தப் படங்களைத் தடை செய்யச் சொல்கிற உத்தேசம் எனக்கில்லை. மட்டமான கதையைத் தடை செய்து நல்ல வாசகன் பிறந்ததில்லை. ‘நடு எங்கே?’ என்று கேட்கக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரலாம்.

அந்தப் பெண் இப்போது கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மாடியிலிருந்து கூடத்துக்கு இறங்கி வர அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அந்த இரண்டு வருஷத்தை யாரும் படம் எடுத்துப் போடவில்லை.