கவசமும் உறக்கமும்: கைப்பேசி ஒலியில் கந்த சஷ்டி கவசம்

முன்னுரை

பினாங்கு ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியா, கண்ணுக்குப் புலப்படுவதற்கு முன்பே காதுக்குப் புலப்படும் பகுதியாகும். குயின் வீதியில் 1833ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற மகா மாரியம்மன் கோயிலின் மணியோசையும், மார்க்கெட் வீதி, பினாங்கு வீதிக் கடைகளின் ஒலிபெருக்கிகளும் அதற்குரிய குரல்களாகும். தைப்பூசத்தின்போது நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளி இரதம் புறப்படுவதும் பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்தே. முருக வழிபாடு வேரூன்றிய இப்பகுதியின் பாடல் கடைகள் ஒலிநாடாவாகவும் குறுந்தட்டாகவும் வீடுகளுக்கு அனுப்பிவைத்த பக்திப் பனுவல்களுள் கந்த சஷ்டி கவசம் குறிப்பிடத்தக்கது.

இன்று அப்பனுவல் கைப்பேசிக்குள் குடிபுகுந்துள்ளது. மனஅமைதிக்கும் தியானத்திற்கும் நல்லுறக்கத்திற்கும் உரியனவாக அமைந்த செயலிகளிலும் ஒலித்தொகுப்புகளிலும் தாலாட்டு, மந்திரம், மழையோசை, குழலிசை ஆகியவற்றோடு கவசமும் ஒரே பட்டியலில் அடுக்கப்படுகிறது. இவ்வாறு அடுக்கப்படும்போது ஓர் இலக்கிய வகைக்கு நேர்வது யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

உறங்கவைக்கும் பாட்டும் காக்கும் பாட்டும்

ஒலி உறக்கத்திற்குத் துணைசெய்யும் என்பதில் ஐயமில்லை. உறக்கமின்மையுற்ற பெரியவர்களிடம் இசையின் பயனை ஆராய்ந்த 13 ஆய்வுகளை, 1007 பங்கேற்பாளர்களை உள்ளடக்கியவற்றை, 2022ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு தொகுத்து நோக்கியது. இசை கேட்டோர் தம் உறக்கத்தின் தரம் மேம்பட்டதாக உணர்ந்தனர் என்பது அதன் முடிபு. ஆகவே, செயலிகளை வெறும் வணிகம் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. எனினும், அங்கு அளக்கப்பெற்றது கேட்பதன் பயனே. ஓதுவதன் பயன் அன்று. இவ்வேறுபாடு தமிழ் இலக்கிய மரபில் அடிப்படையானது.

தமிழில் உறக்கத்திற்கெனவே அமைந்த பாட்டு தாலாட்டு. பெரியாழ்வார் கண்ணனுக்கும் குலசேகராழ்வார் இராமனுக்கும் தாலாட்டுப் பாடினர். பிள்ளைத்தமிழில் தாலப் பருவம் மூன்றாம் பருவமாக அமைந்தது. தால் என்பது நாவைக் குறிக்கும் சொல். நாவை அசைத்துப் பாடுவோர் ஒருவர், கேட்டு உறங்குவோர் மற்றொருவர் என்னும் உறவு அவ்வகையின் பெயரிலேயே உள்ளது.

கவசத்தின் உறவு வேறு. தேவராய சுவாமிகள் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய இப்பனுவலில் பாடுவோரே காப்பை வேண்டுவோர். தலைமுதல் கால்வரை உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் வேலின் காவலில் ஒப்படைக்கிறார் ஓதுபவர். பகலும் இரவும் நள்ளிரவும் அக்காவல் எல்லைக்குள் அடங்குகின்றன. அச்சம் நீங்கியவர் உறங்குவர் என்பது உண்மையே. ஆயின் அங்கு உறக்கம் பயன், நோக்கம் காப்பு.

உடலை எண்ணும் இரு முறைகள்

இன்றைய செயலிகளில் பரவலாகக் கேட்கப்படும் ஒலிப்பயிற்சி, உடலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நினைவில் நிறுத்தித் தளர்த்துவதாகும். இதன் இந்திய வடிவம் யோக நித்திரை. பீகார் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்தியானந்த சரசுவதி, உறுப்புதோறும் மந்திரத்தை நிறுத்தும் தாந்திரிக நியாசத்திலிருந்தே இம்முறையை வகுத்ததாகக் குறிப்பிட்டுள்ளார். நியாசத்தோடு உறவுடையது கவச இலக்கியமும். ஆகவே செயலியின் தளர்வுப் பயிற்சியும் கவசமும் தொலைவிலுள்ள உறவினர் எனலாம்.

இவ்வுறவு கருதியே வேற்றுமையையும் நோக்குதல் வேண்டும். யோக நித்திரையில் உறங்கிவிடாதீர் என்பதே பயிற்றுநர் தரும் முதன்மையான அறிவுரை. கவசமும் விழிப்பையே வேண்டுகிறது. சரவணபவ என்னும் ஆறெழுத்துகள் முறைமாறி விரையும் பகுதியும், பகையை விரட்டும் ஏவல் வினைகள் அடுக்கிவரும் பகுதியும் கண்ணயர்வதற்கு உரியன அல்ல. நா தடுமாறாது சொல்வதற்கு உரியன. சூலமங்கலம் சகோதரிகளின் புகழ்பெற்ற ஒலிப்பதிவு இதனை நன்குணர்ந்தது. ஏறக்குறைய 20 நிமிடத்தில் முடியும் அப்பதிவில் இராகங்கள் மாறினும் சொற்கள் மங்குவதில்லை. கேட்போர் உடன்சேர்ந்து ஓதத்தக்க வேகம் அது. இதற்கு மாறாக, உறக்கத்திற்கெனச் சொற்களை இழுத்துத் தளர்த்தியும், குரலை நீக்கிக் குழலிசையாக்கியும் அமையும் பதிவுகளில் மெட்டு எஞ்சுகிறது; கவசம் எஞ்சுவதில்லை.

செயலியில் குறித்த நேரத்தில் ஒலியை நிறுத்தும் வசதியும் உண்டு. பத்து நிமிடத்தில் அது நின்றால், ஓதும் முறையும் பயனும் கூறி, அடைக்கலம் வேண்டி முடியும் இறுதிப் பகுதி எட்டப்படுவதே இல்லை. காலையிலும் மாலையிலும் ஓதுக என்று பனுவல் தன்னைப் பற்றித் தானே கூறும் இடமும் அதுவே. தன்னை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் பகுதியே கேட்கப்படாது போவது கருதத்தக்கது.

ஆசிரியர்க்குரிய பணி

இது வழிபாட்டுச் சிக்கல் மட்டுமன்று; மொழிச் சிக்கலுமாகும். தமிழ் எழுத்தறியாத மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுள்ளும் கவசத்தைச் செவிவழியே மனப்பாடமாகச் சொல்வோர் உளர். அவர்கள் வாயில் வாழும் நெடிய செய்யுட்டமிழ் பெரும்பாலும் இதுவே. ஒலிநாடா அவர்களிடமிருந்து பனுவலைப் பறிக்கவில்லை. வீட்டில் ஓதுவார் இல்லாத குறையை நிரப்பிக் கூடவே ஓதச் செய்தது. காதில் செருகிய காதொலிப்பானோ கேட்பவரைத் தனிமைப்படுத்திப் பாதியில் உறங்கச் செய்கிறது. ஓதுவோர் கேட்போராகி, கேட்போர் உறங்குவோராகும் இம்மாற்றத்தில் இழக்கப்படுவது நாவின் பழக்கம்.

இதற்கு மாற்று, கருவியை விலக்குவதன்று. வகுப்பில் கவசத்தின் ஆசிரியப்பா நடையைப் பிரித்துக் காட்டலாம். உறுப்புப் பெயர்களைத் தொகுக்கச் செய்யலாம். ஒலிப்பதிவைக் கேட்டு உடன் ஓதவும், பின்னர் அதை நிறுத்திவிட்டுத் தாமே ஓதவும் பயிற்றலாம். தாலாட்டையும் கவசத்தையும் அருகருகே வைத்து, பாடுவோர் யார், கேட்போர் யார் என வினவலாம்.

முடிவுரை

செயலி பாடல்களைப் பயன் நோக்கி வகைப்படுத்துகிறது. இலக்கிய மரபு அவற்றைப் பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையேயான உறவு நோக்கி வகைப்படுத்துகிறது. முன்னது இரவுக்குத் துணையாகலாம். பின்னதை மறந்தால் தாலாட்டும் கவசமும் மழையோசையும் ஒன்றாகிவிடும். கவசத்தை ஓதி முடித்தவர் உறங்கட்டும். ஓதுவதற்கு முன்னரே உறங்கிவிடும் தலைமுறையை உருவாக்காதிருத்தல் தமிழாசிரியராகிய நம் கடமையாகும்.