கூரைமேல் ஏறிய இளமை

திரைப்படங்களில் இரயில் பெரும்பாலும் விடுதலையின் குறியீடாகவே வருகிறது. வீட்டை விட்டோடும் இளைஞன் நகரும் வண்டியில் தொற்றிக்கொள்கிறான். பின்னால் அவனது ஊர் சிறுத்து மறைகிறது. இந்த இனிய கற்பனையைக் கேள்விக்குட்படுத்தும் இரு படங்களை இங்கே ஒப்புநோக்க விழைகிறோம். இரண்டுக்கும் இடைவெளி 80 ஆண்டுகள்.

வில்லியம் வெல்மன் 1933இல் இயக்கிய ‘வைல்ட் பாய்ஸ் ஆஃப் தி ரோட்’ அமெரிக்கப் பெருமந்தக் காலத்தின் கதை. எட்டியும் டாமியும் வருவாயற்றுப்போன குடும்பத்திற்குச் சுமையாகக் கூடாதென்றே சரக்கு இரயில் ஏறுகிறார்கள். ஆணுடை தரித்த சாலி வழியில் அவர்களோடு சேர்கிறாள். டியேகோ கெமாடா தியஸின் ‘லா ஹௌலா டே ஓரோ’ (2013), அதாவது ‘பொற்கூண்டு’, குவாத்தமாலாவிலிருந்து மெக்சிகோ வழியே வடக்கு நோக்கிச் செல்லும் சிறார்களின் கதை. இதில் சாரா கூந்தலை வெட்டி, மார்பை இறுகக் கட்டி ஆணாகிறாள். இடையில் 80 ஆண்டுகள் கழிந்தும் ஏழைப் பெண் வழிப்பயணம் போக அதே வேடம்தான் வேண்டியிருக்கிறது!

பெண்ணின் துயரை நோக்கும் பார்வையில்தான் இரு படங்களும் வேறுபடுகின்றன. முதற்படத்தில் இரயில் ஊழியன் ஒருவனால் சிறுமியொருத்தி சீரழிக்கப்படுகிறாள், சிறுவர்கள் பழிதீர்க்கிறார்கள், அவள் துயரம் அவர்களது வீரத்திற்குக் காரணமாகிக் கரைந்துவிடுகிறது. இரண்டாவதில் கும்பலொன்று சாராவைக் கொண்டுசெல்கிறது. பின்னர் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதைத் திரைக்கதையின் குறையெனச் சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. காணாமற்போன பிள்ளைகளின் பெற்றோருக்கு வாய்ப்பதும் இந்த முடிவற்ற மௌனமே. கமெரா அதற்கு மேல் அறிந்ததாகப் பாசாங்கு செய்யவில்லை.

முடிவுகளும் அத்தகையனவே. வெல்மனின் படத்தில் கருணைமிக்க நீதிபதி ஒருவர் தோன்றி, நல்ல காலம் வருமென உறுதியளிக்கிறார். இந்த ஆறுதல் செயற்கையானது. ஆயினும் உடனே ஒரு காட்சி வருகிறது: மகிழ்ச்சியில் குட்டிக்கரணம் போடும் எட்டி, இரயிலில் காலை இழந்த டாமியைக் கண்டதும் நின்றுவிடுகிறான். நீதிபதியின் சொல்லால் திரும்பி வாராத ஒன்றை அந்தக் கணம் நமக்குக் காட்டிவிடுகிறது.

‘பொற்கூண்டு’ படத்தில் நீதிபதியே இல்லை. ஸ்பானிய மொழியறியாத பூர்வகுடிச் சிறுவன் சௌக்கை முதலில் இழிவாக நடத்திய ஹுவான், பின்னர் தன் பணத்தைக் கொடுத்தே அவனை மீட்கிறான். படத்தில் கிட்டும் ஒரே நீதி இதுதான். அதை வழங்குபவனும் ஒரு சிறுவன்தான். எல்லையைக் கடந்ததும் சௌக் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஹுவான் இறைச்சித் தொழிற்சாலையொன்றில் கழிவு கூட்டுகிறான். வெளியே, சௌக் கனவு கண்ட பனி பொழிகிறது.

‘ஓடிப்போனவர்கள்’ என இச்சிறார்களை அழைப்பது எளிது. அவர்களைத் துரத்தியது எது என வினவுவதே கடினம். அவ்வினாவை நம்மிடம் விட்டுச்செல்வதே இவ்விரு படங்களின் தகுதி எனக் கருதுகிறோம்.